கையெழுத்துப் போடும் முன்னால்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் உள்ள ஊர். அங்கே தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து இவர்களுடைய முன்னோர் சுரங்க வேலைக்கு வந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள்.

1930-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்யச் சுரங்க நிர்வாகம் திட்டம் போட்டது. கைரேகை எடுப்பது அந்தக் காலத்தில் போலீசார் குற்றவாளிகளுக்குச் செய்யும் காரியம். தொழிலாளிகள் அதற்கு இணங்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். விரல் சிறியதுதான். ஆனால் அது அவர்களுடைய விரல். அவர்களைக் கேட்காமல் அதில் மை தடவ முடியாது.

அதே கேள்வி இன்று வேறு இடத்தில் வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்கிறார்கள். அது என்ன தாள்? அதில் என்ன எழுதியிருக்கிறது? அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

எடுத்துவிட்டால் நிம்மதியா?

2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு ஆணும் பெண்ணும் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். விடியும் முன்பே மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் ரயில் ஏறுகிறார்கள். தையல் கம்பெனி, கடை, வீட்டு வேலை என்று பிழைக்கிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

இப்படி உழைக்கும் பெண்ணுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் கூலி போகும். அதனால் அதிக உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல், இடுப்பு வலி எல்லாவற்றையும் பொறுத்துக் கொள்கிறாள். பொறுக்க முடியாதபோது ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அப்போது சுற்றி இருப்பவர்கள் சொல்வார்கள்: "பிள்ளைதான் பெத்தாச்சே, அந்தப் பை இனி எதுக்கு? எடுத்துப் போட்டுட்டா நிம்மதி."

பெண்ணின் உடம்பைப் பற்றி ஊரே பேசுகிறது. சின்ன வயதில் "கறுப்பாக இருக்கிறாள்" என்கிறது. கல்யாணம் ஆனதும் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்கிறது. பிள்ளை பெற்ற பிறகு "பெருத்துவிட்டாள்" என்கிறது. கேட்டுக் கேட்டு அவளுக்கே தன் உடம்பு குறையுள்ளதாகத் தெரிகிறது. பிள்ளை பெற மட்டும்தான் அது என்று நினைத்துவிடுகிறாள்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நேரமும் உண்டு. புற்றுநோய் வந்தால் எடுக்க நேரிடலாம். எந்த மருந்துக்கும் நிற்காத உதிரப்போக்குக்கும் எடுக்க நேரிடலாம். ஆனால் பல தொல்லைகளுக்கு மாத்திரையும் வேறு சிகிச்சையும் இருக்கின்றன. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும்.

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் தொல்லைகள் இளம் வயதிலேயே வரும். உடம்பு திடீர் திடீரென்று எரியும், வியர்க்கும். தூக்கம் கெடும். எலும்பு பலம் குறையும்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. தேவையில்லாத ஆபரேஷனைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதத்திற்குள் செயல்படுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

தாய் சொன்னாலும் போதாது

1995-இல் டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்குக்காக ஒரு டாக்டரிடம் போனார். உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதம் கொடுத்தார். மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் கேட்டார்கள். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தோற்றார். அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். அவர் வயது வந்தவர். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்கலாம். அவருக்குப் பதிலாகத் தாய் சொன்னது செல்லாது.

சம்மதம் வாங்கும் முன் டாக்டர் நான்கு விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கூறுகிறது.

1. என்ன செய்யப் போகிறார்கள்? அதனால் என்ன பலன்?
2. வேறு வழி உண்டா?
3. முக்கியமான ஆபத்துகள் என்ன?
4. செய்து கொள்ளாவிட்டால் என்ன ஆகும்?

கேட்பது தப்பில்லை

சம்மதத் தாள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெண் என்ன செய்வாள்? அவள் இப்படிப் பேசலாம்:

"டாக்டரம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க."

"கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நீங்க சம்மதம்னு எழுதியிருக்கும்மா."

"சினைப்பையும் எடுப்பீங்களா?"

"உங்களுக்கு அது நல்லா இருந்தா எடுக்க மாட்டோம்."

"மாத்திரையில சரியாகாதா?"

"மூணு மாசம் சாப்பிட்டுப் பார்க்கலாம். நிக்கலைன்னா அப்புறம் பேசலாம்."

"அப்ப முதல்ல மாத்திரை குடுங்க. இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வர்றேன்."

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார். ஒன்றை மறக்கக் கூடாது. மாதவிடாய் அடியோடு நின்ற பிறகு மீண்டும் உதிரம் பட்டால், தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். பயந்து ஆபரேஷன் செய்து கொள்வதும் தவறு. பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பதும் தவறு.

இரண்டு பேர் குடும்பம், யாருக்கு ஆபரேஷன்?

அந்த நாள் மைசூர் அரசு 1930-இலேயே கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. ஓர் அரசாங்கமே இப்படிச் செய்தது புதுமை. ஆனால் இன்றும் பாரம் பெண் மேல்தான் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்கள் 100 பேரில் சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். கணவர் செய்து கொண்ட குடும்பமோ ஆயிரத்துக்கு மூன்றுதான்.

ஆண்களுக்கான ஆபரேஷன் எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆண்மையும் பலமும் குறையாது. இதைக் கணவனும் மனைவியும் கலந்து பேச வேண்டும்.

கருத்தடை ஆபரேஷனுக்குக் கணவனின் கையெழுத்து வேண்டும் என்று அரசு விதி சொல்லவில்லை. கருக்கலைப்புச் சட்டப்படியும் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. அவள் சம்மதம் இல்லாமல் வற்புறுத்திக் கலைக்கவும் முடியாது.

கைநாட்டு வைத்த காலத்தில் தாளைப் பிறர் படித்தார்கள். இன்று எழுத்து தெரியும். எழுத்து தெரிந்த கைக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. படித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டு, பிறகு எழுத வேண்டும். வேண்டாம் என்றால் எழுதாமலும் இருக்கலாம். அதுவும் உரிமைதான்.

நினைவில் வையுங்கள்

* வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.
* ஆபரேஷனுக்கு முன் இரண்டாவது டாக்டரிடமும் கேளுங்கள்.
* ஸ்கேன், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.
* வழக்குப் போடப் பணம் இல்லையா? எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. போன் எண் 15100.

சொல் அறிவோம்

சம்மதம் – விஷயம் தெரிந்து, மனம் ஒப்பிச் சொல்லும் "சரி".
சினைப்பை – பெண்ணின் உடம்பில் கருமுட்டை உண்டாகும் இடம். கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ளது.

கலந்து பேசுவோம்

1. டில்லிப் பெண்ணின் தாய் கொடுத்த சம்மதம் ஏன் செல்லவில்லை?
2. டாக்டர் சொல்ல வேண்டிய நான்கு விஷயங்கள் யாவை?
3. உங்கள் தெருவில் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்து கொண்டவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு வேறு வழி சொல்லப்பட்டதா?
4. உங்கள் வீட்டில் இதைப் பற்றி ஆண்கள் பேசுவார்களா? பேச வைப்பது எப்படி?