ஆலோசனைக்கு உட்காரும் தம்பி தங்கைகளுக்கு

சபையில் ஆலோசனைப் பணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள், சந்தோஷம். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அதில் வாலிபரும் உண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. இந்தக் கிழவன் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் நம்புங்கள். "அந்த மாமா அப்படிப்பட்டவர் இல்லையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், வந்தவர் இனி யாரிடமும் பேசாமலே போய்விடலாம். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். செய்தவர்களில் சுமார் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். நம் சபைக் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை.

2. கேட்காமல் தொடாதீர்கள். தலையில் கைவைத்து ஜெபிப்பது நமக்குக் கைவந்த பழக்கம். கை பட்டதும் சிலருக்குத் தோள் இறுகும், மூச்சு அப்படியே நிற்கும், முந்தானை நுனியைப் பிடித்த விரல் வெளுத்துப் போகும். பார்க்கிறவர்கள் அதை அபிஷேகம் என்று சொன்னாலும் சொல்வார்கள். அது பயம், அம்மா. கதவைச் சாத்தாதீர்கள். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியை அவர்களுக்கு விடுங்கள்.

3. மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள். "மன்னித்துவிடு, சமாதானம் வரும்" என்று முதல் நாளே சொல்வது சொல்கிறவருக்கு வசதி. யோசேப்பின் கதையில் நாம் நேரே மன்னிப்பு வரும் ஆதியாகமம் 50-க்குத் தாவிவிடுகிறோம். 42-லிருந்து நிதானமாகப் படியுங்கள். 17 வயதில் அண்ணன்மாரால் விற்கப்பட்டவன், இருபது வருஷத்துக்கு மேல் கழித்து அவர்களைப் பார்க்கிறான். உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. கடுமையாகப் பேசுகிறான், மூன்று நாள் காவலில் வைக்கிறான், தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தைப் போடச் சொல்லிச் சோதிக்கிறான். நடுநடுவே தனியே போய் அழுகிறான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன் யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்துகிறான். மனசு மன்னித்தாலும், கொடுமை செய்த ஆள் வரும் கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்க உங்களிடம் வந்தவர்களுக்கு உரிமை உண்டு. இதை அவர்கள் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

4. அண்ணன் அம்னோனால் கெடுக்கப்பட்ட தாமாரைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? நம் பிரசங்கிமார் 2 சாமுவேல் 13-ஐத் தாண்டிப் போய்விடுவார்கள். கூடப்பிறந்த அப்சலோம் அவளைச் சும்மாயிரு என்கிறான். தகப்பன் தாவீது கோபப்பட்டான், ஆனால் அம்னோனைத் தண்டித்ததாக ஒரு வரி இல்லை. அந்த வீட்டின் மௌனம் பிறகு கொலையில் போய் முடிந்தது. வேதமே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? அந்த அதிகாரத்தை உங்களிடம் வந்தவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

5. தகப்பனாலேயே கெடுக்கப்பட்ட பிள்ளைக்குப் "பரமபிதா" என்றாலே தொண்டை அடைக்கும். மேய்ப்பர் என்றோ ஆண்டவர் என்றோ அழைத்து ஜெபிக்கட்டும். ஜெபமே வரவில்லையா, 88-ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். அது இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

6. மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

7. ராத்திரி அலறி எழுவது, திடீரென நெஞ்சு படபடப்பது எல்லாவற்றையும் பிசாசின் தலையில் கட்டாதீர்கள். உபவாசம் இருங்கள், கூடவே மனநல மருத்துவரிடமும் அனுப்புங்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

8. வந்தது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. வயதில் பெரியவர் என்றால் புகார் கொடுப்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கொடுமை செய்த ஆள் இன்றும் பிள்ளைகள் நடுவில் இருக்கிறானா? ஆம் என்றால் கமிட்டி கூடட்டும், ஆயர் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போன் போடுங்கள்.