அனிமேஷன் பயிலும் மாணவரும் அவர்தம் கணிப்பொறியும்

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சிறந்த அனிமேஷன் படத்திற்குரிய ஆஸ்கர் பரிசினை ‘ஃப்ளோ’ என்னும் படம் பெற்றது. அதனை இயற்றியவர் லாட்வியா என்னும் சிறு நாட்டினராகிய கின்ட்ஸ் சில்பலோடிஸ். பூனை ஒன்று பெருவெள்ளத்தினின்றும் உயிர் பிழைக்கும் கதை அது. அதன்கண் மனிதர் பேச்சு ஒரு சொல்லும் இல்லை. அப்படம் பிளெண்டர் என்னும் விலையில்லா மென்பொருளால் ஆயது. அதன் இறுதிப் படங்கள் பெருங்கணிப்பொறிக் கூடம் எதனையும் நாடாது, இயக்குநரின் சொந்தக் கணிப்பொறியிலேயே உருப்பெற்றன. 1995இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’க்கோ 117 கணிப்பொறிகள் ஒருங்கு உழைக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல் இத்துணை!

இச்செய்தி அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இடங்களினின்றும் நாடோறும் ரயிலிலும் பேருந்திலும் வந்து பயிலும் நம் மாணவர் சிலர்க்குப் புத்தூக்கம் அளித்துளது. அவருள் ஒருவர் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்று செய்யப் புகுந்தார். அதற்குக் கதை எழுதித் தரும் பணி எமக்கு வாய்த்தமையின், தமிழ் பயில்வார்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று கேட்பார்க்கு இதுவே விடையாகுக. தோழரின் அன்னையார் மகளிர் சுய உதவிக் குழுவிற் கடன் பெற்று 25,000 ரூபாய் கொடுத்தார். அத்தொகையைக் கொண்டு பழைய கணிப்பொறியின் எவ்வுறுப்பை மாற்றுவது என்பதே வினா. தவறான உறுப்பை வாங்கினால் கடன் நிற்கும், படம் நில்லாது.

முதற்கண் ரெண்டரிங் என்பது யாதென ஆராய்வாம். கலைஞர் கணிப்பொறியுள் அமைத்த உருவங்கள் வெறுங் கோட்டுருவங்களே. அவற்றின்மீது ஒளி எங்கிருந்து விழுகிறது, எப்பொருளிற் பட்டு எத்திசையிற் சிதறுகிறது என்பதனைப் புள்ளிதோறும் கணக்கிட்டு ஒரு முழுப்படமாக்குதலே ரெண்டரிங். இக்கணக்கினை ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டியவர் ஜேம்ஸ் கஜியா என்பார், ஆண்டு 1986. ஒளிக்கதிர்களை எண்ணிறந்த அளவில் தொடர்தல் இயலாதாகலின், கணிப்பொறி ஒவ்வொரு புள்ளிக்கும் சில நூறு கதிர்களை மாதிரியாக எடுத்துச் சராசரி காண்கிறது. மாதிரிகள் குறைந்தால் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். அப்புள்ளிகளைப் பாதியாக்க வேண்டின், மாதிரிகளை இருமடங்காக்கினாற் போதாது, நான்மடங்காக்கல் வேண்டும். காலம் கரையும் வழி இதுவே.

எம் தோழரின் படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு 24 படங்கள். ஐந்து நிமிடத்திற்கு 7,200 படங்கள். அவர் சோதித்துப் பார்த்தபோது ஒரு படத்திற்கு 4 நிமிடம் ஆயிற்று. ஆகவே 28,800 நிமிடம். அஃதாவது 480 மணி. இரவுபகல் ஓயாது ஓடினும் இருபது நாள். கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் உவமையை லூக்கா சுவிசேஷத்திற் படித்த நாம், இக்கணக்கைப் போடாமலே கடைக்கு ஓடுதல் என்னையோ!

கணக்குப் போட்ட பின்னர் நோயின் இடத்தைக் காணல் வேண்டும். ரெண்டரிங் ஓடும்பொழுது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பின், எவ்வுறுப்பு மூச்சுத் திணறுகிறது என்பது புலனாகும். கடைக்காரர் புதிய பிராஸசரே வேண்டும் என்றார். சோதனையோ வேறு கூறிற்று. 8 ஜி.பி. ராம் முழுவதும் நிரம்பி, எஞ்சியதைக் கணிப்பொறி பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுதியும் படித்தும் திண்டாடிற்று. பிராஸசரோ பாதி நேரம் சும்மா இருந்தது. இந்நிலையில் அதனை மாற்றுதல், கால் நோவுக்குக் கண்ணாடி வாங்குதல் போல்வதாம்.

பிராஸசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் உள்ள வேறுபாட்டை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் காணலாம். தேர்ந்த லேத் மேஸ்திரி ஒருவர் எவ்வகைக் கடினமான வேலையையும் வரைபடம் பார்த்துத் தாமே முடிப்பார், அவர் பிராஸசர். ஒரே சிறு வேலையை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்திற் செய்வதாக நினைத்துக்கொள்க. அது கிராபிக்ஸ் கார்டு. ஒளிக்கதிர்க் கணக்கு இரண்டாம் வகையினது. ஒரு புள்ளியின் கணக்கு மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகலின் பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்னும் ரெண்டரிங் பகுதி கிராபிக்ஸ் கார்டினாற் பன்மடங்கு விரைவு பெறும்.

இங்கே ஒன்று நுனித்து நோக்கத் தக்கது. என்விடியா நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டின் பெருவழக்கான வகை 12 ஜி.பி. நினைவகம் உடையது. 2023இல் வந்த 4060க்கு 8 ஜி.பி.தான். புதியது விரைவிலும் மின்சிக்கனத்திலும் மேம்பட்டதே. ஆயினும் மரங்களும் கூட்டமும் நிறைந்த காட்சி 8 ஜி.பி.யில் அடங்காவிடின், வேலை நின்றுவிடும், அல்லது நத்தையாய் ஊரும். விளையாட்டு ஆடுவார்க்குப் புதியது நன்று. ரெண்டரிங் செய்வார்க்கு இடமகன்ற பழையதே நன்று என்பது எம் கருத்து.

ரிச்சி தெருவிலும் அதனை அடுத்த நரசிங்கபுரம் தெருவிலும் இத்தகைய பழைய கார்டுகள் கிடைக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தோண்டும் முறை ஒழிந்தபின், அப்பணியில் உழைத்துத் தேய்ந்த கார்டுகள் பல சந்தைக்கு வந்தன. எனவே அரைமணி நேரமாவது கடையிலேயே முழுப்பளுவில் ஓட்டச் சொல்லி, வெப்பமும் விசிறியின் ஒலியும் பார்த்து, பில் பெற்றே வாங்குதல் வேண்டும். 3060க்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது அதனைச் செய்தாரே கூறுவது. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி மலிவானதை வாங்குவோர், அஃது எரியுங்கால் கார்டினையும் சேர்த்து இழப்பர். ராம் வாங்குதலிலும் காலம் நோக்கல் வேண்டும். 2025இன் கடைசித் திங்கள்களில் செயற்கை அறிவுக் கூடங்கள் வாங்கிக் குவித்தமையின் அதன் விலை உலகெங்கும் ஏறிற்று. எம் தோழர் முடிவில் வாங்கியவை, பயன்படுத்திய 3060 கார்டு ஒன்று, புதிய பவர் சப்ளை, சிறிய எஸ்.எஸ்.டி., பழைய 8 ஜி.பி. ராம் ஒன்று. பிராஸசரைத் தொடவில்லை.

மடிக்கணினி மட்டும் உடையார் யாது செய்வர்? நம் அரசினர் 2011 செப்டம்பர் 15இல் திருவள்ளூர் மாவட்டத்திலேயே விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினர். அத்தகைய பொறிகளில் கிராபிக்ஸ் கார்டை மாற்ற இயலாது, ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றலாம், சிலவற்றில் ராமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். இவர்கள் பொறியைப் பெரிதாக்குவதினும் வேலையைச் சிறிதாக்கலே தகும். 1,024 மாதிரிகளை 256 ஆகக் குறைத்து, எஞ்சிய புள்ளிகளை டீநாய்சரைக் கொண்டு துடைப்பின், நான்கு நிமிடம் ஏறக்குறைய ஒன்றாகும். இருபது நாள் ஐந்தாகும். ஆனால் அசையும் படத்தில் துடைத்த இடங்கள் மினுமினுப்பதுண்டு. பத்து நொடி செய்து பார்த்த பின்னரே முழுதும் செய்க. பிளெண்டரிலேயே 2019 முதல் ஈவீ என்னும் விரைவான முறையும் உண்டு. ‘ஃப்ளோ’ செய்யப்பட்டது அம்முறையினாலேயே. உண்மை ஒளியின் நுட்பம் சிறிது குறையினும், கதை நன்றாயின் காண்பார் எவரும் அதனைக் குறைகூறார்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 300 வாட் இழுக்கும் பொறி 480 மணி ஓடின் 144 யூனிட் ஆகும். இரண்டு திங்களில் கட்டணமின்றிக் கிடைக்கும் மின்சாரம் வீட்டாரின் சமையலறைக்கும் மின்விசிறிக்கும் உரியது. அதனை மகனின் படம் விழுங்கிவிடும். 500ஐக் கடந்தாலோ கீழ்ப்படிகளின் விலையும் உயரும். சித்திரை, வைகாசி வெயிலிற் பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியின் தூசியைத் துடைத்தல் காசில்லாத முன்னேற்றம். மின்வெட்டு நேரும் ஊர்களில் ஒரே வீடியோக் கோப்பாக ரெண்டர் செய்தல் பேதைமை. தனித்தனிப் படங்களாகச் சேமிப்பின், 700ஆம் படத்தில் மின்சாரம் போயினும் 699 படங்கள் எஞ்சும், 700இலிருந்து தொடரலாம்.

நம் கல்லூரியின் கணிப்பொறிக் கூடத்தைப் பற்றி ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. சனிக்கிழமை மாலை தொடங்கித் திங்கட்கிழமை காலை வரை அக்கூடம் பூட்டியே கிடக்கிறது. அங்குள்ள பொறிகளுள் இருபதினைத் தந்தால், அவை எம் தோழரின் பழைய பொறியை ஒத்தனவாயினும், 480 மணி வேலை 24 மணியில் முடியும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டா. பிளெண்டரைத் திரையின்றிக் கட்டளை வரியால் இயக்கி, முதற் பொறிக்கு 1 முதல் 360 வரை, இரண்டாவதற்கு 361 முதல் 720 வரை என்று பகுத்துக் கொடுத்தாற் போதும். எல்லாப் பொறியிலும் ஒரே பதிப்பு இருத்தல் வேண்டும். மேற்பூச்சுப் படங்கள் அனைத்தையும் முன்னரே கோப்பினுள் சேர்த்துக் கட்டிவிடல் வேண்டும். இன்றேல் அவை கிடைக்காத பொறியில், கதைத் தலைவன் முகம் முதல் ஊர்க்கோயில் மணிக்கூண்டு வரை யாவும் இளஞ்சிவப்பாகவே வெளிப்படும்.