பனிக்காலத்தில் காளைகளை ஏருக்குப் பழக்குவோம்

நாட்டு மாடு வளர்க்கும் நம்மில் பலர் கிடாரிக் கன்றை வைத்துக்கொள்கிறோம், காளைக்கன்றை விற்றுவிடுகிறோம். அது எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். "பழக்க ஆளில்லை" என்பதுதான் சொல்லும் காரணம். வங்கியில் இருந்தபோது டிராக்டர் கடன் மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகுதான் காளைக் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். நன்றாகப் பழகிய காளை சுமார் பத்து வருடம் உழைக்கும். தவணை கிடையாது, சாணமும் மூத்திரமும் வரவு.

ஏன் மார்கழி, தை?

புது மாடு பயத்திலேயே பாதி களைத்துவிடும். வெயிலும் சேர்ந்தால் நாக்கைத் தள்ளிப் படுத்துவிடும். பனிக்காலத்துக் காலைப்பொழுதில் அந்தச் சிரமம் குறைவு. மழை ஓய்ந்த மண்ணில் ஈரமும் இருக்கும், கலப்பை லேசாகப் போகும். குதிரையால் உழும் குளிர்நாட்டு விவசாயிகளும் பனிக்காலத்தில் மரக்கட்டைகளை இழுக்கவிட்டுக் குதிரைகளைப் பழக்குவது உண்டு. நம்ம முறையும் கிட்டத்தட்ட அதுவேதான்.

எந்தக் கன்று?

இரண்டு பல் போட்ட பிறகு, அதாவது இரண்டரை மூன்று வயதில் ஆரம்பிக்கலாம். ஜோடி உயரத்திலும் நடையிலும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று வேகம், ஒன்று மந்தம் என்றால் பாரம் முழுக்க ஒன்றின் கழுத்தில்தான் விழும். காயடிப்பதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள். அந்த வீக்கமும், மூக்கணாங்கயிறு குத்திய புண்ணும் முழுசாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

நான்கு படிகள்

முதல் வாரம், கைப்பழக்கம். பெயர் வைத்துக் கூப்பிடுங்கள். கழுத்து, முதுகு, கால் எல்லாம் தடவிக் கொடுங்கள். கயிறு பிடித்து நடத்துங்கள். நட, நில், திரும்பு என்பதற்கு உங்க ஊரில் என்ன சத்தமோ அதையே எல்லோரும் சொல்லணும். ஆளுக்கொரு சத்தம் கொடுத்தால் மாடு குழம்பும்.

இரண்டாம் வாரம், நுகத்தடி. பழகிய கிழக்காளை ஒன்று கிடைத்தால் அதனோடு சேர்த்துப் பூட்டுங்கள். அதுதான் உண்மையான வாத்தியார். இடப்பக்கம் பூட்டிய மாட்டை எப்போதும் இடப்பக்கமே பூட்டுங்கள். முதலில் வெறும் நுகத்தோடு நடக்கட்டும்.

மூன்றாம் வாரம், கட்டை. இருபது முப்பது கிலோ மரக்கட்டையைச் சங்கிலியில் கட்டி இழுக்கவிடுங்கள். பின்னால் வரும் சத்தத்துக்கு மிரளாமல் இருக்க இதுதான் பயிற்சி. ஆரம்பத்தில் அரை மணி நேரம் போதும். இழுத்து முடித்ததும் உடனே அவிழ்த்துத் தட்டிக் கொடுங்கள்.

நான்காம் வாரம், ஏர். மணற்பாங்கான, ஏற்கெனவே உழுத நிலத்தில் மேலாக ஓட்டுங்கள். முன்னால் ஒருவர் கயிறு பிடிக்க, பின்னால் ஒருவர் மேழி பிடிக்க வேண்டும். சால் கோணலாகப் போனால் போகட்டும்.

இது பொதுக் கணக்குத்தான். மிரட்சி தீராத மாட்டை அடுத்த படிக்கு ஏற்றாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

காளை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடுதான் தொடர்ந்து இழுக்கும். நானூறு கிலோ மாடு என்றால் நாற்பது கிலோ. இளங்காளைக்கு அதிலும் பாதிதான். தீனி தின்றதும் பூட்டாதீர்கள், அசைபோட விடுங்கள். அவிழ்த்ததும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வீக்கமோ சூடோ இருந்தால் ஆறும்வரை நுகம் வேண்டாம். தோல் உரிந்திருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாம். படுத்த மாட்டை அடித்து எழுப்பினால் வேலை என்றாலே அடிதான் என்று மனசில் பதிந்துவிடும். அப்புறம் அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

ஒரு ஜோடி நாட்டுக்கலப்பையில் நாளைக்கு ஒரு ஏக்கருக்கும் குறைவாகத்தான் உழும். பெரிய பரப்புக்கு டிராக்டர் தேவைப்படலாம். ஆனால் வரிசைப் பயிருக்கு இடை உழவு, எரு அடிப்பது, வண்டி நுழையாத மூலை, இதிலெல்லாம் காளைக்கு ஈடில்லை.

உங்க ஊரில் ஏர் பூட்டிய பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்தத் தையிலேயே அவரை உங்க தொழுவத்துக்குக் கூட்டி வாருங்கள். கன்றோடு கூட உங்க வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளட்டும்.