நொச்சியிலைச் சாரமும் வீக்கப் பரீக்ஷையும்

நொச்சியை அறியாத குடியானவர் இலர். வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் வளரும் இதன் இலையை வதக்கித் துணியில் முடிந்து, வீங்கிய முழங்காலுக்கு ஒற்றடம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். குணமாயிற்று என்பாரும் பலர். ஆனால் சுளுக்கு வீக்கம் ஒன்றும் செய்யாவிடினும் சில தினங்களில் பெரும்பாலும் தானே வடியும். வறுத்த தவிட்டு ஒற்றடமும் ஓரளவு இதந்தரும். குணம் இலையினால் விளைந்ததா, சூட்டினாலா, நாள் கழிந்ததனாலா என்று பிரித்தறிவதே பரீக்ஷையின் நோக்கமாகும்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்த ஆல்கஹாலை ஆவியாக்கியபின் எஞ்சும் பிசுபிசுப்பான பொருளே சாரம். தண்ணீரில் காய்ச்சிய கஷாயத்தில் இறங்கும் சத்துக்கள் வேறு. ஆல்கஹாலில் இறங்குபவை வேறு. ஒன்றின் பலனை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்லலாகாது.

வீக்கத்தை அளக்க 1962-ஆம் வருஷத்தில் வெளியான முறையே இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மருந்தில்லாத வெறுந்திரவமும், ஒன்றுக்குச் சாரமும், மற்றொன்றுக்கு இண்டோமெதசின் போன்ற குணம் தெரிந்த மருந்தும் புகட்டுவர். சுமார் ஒரு மணி கழித்து, கடற்பாசியினின்று எடுக்கும் காரஜீனன் என்னும் பொருளின் 1 சதவிகிதக் கரைசலில் 0.1 மில்லிலிட்டரைப் பின்னங்காலின் அடியில் ஊசியால் செலுத்துவர். பாதம் வீங்கும். அதைத் திரவத்தில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் மேலெழுகிறதென்று மணிக்கு மணி குறிப்பர். மருந்தில்லாக் கூட்டத்தில் வீக்கம் சராசரி 0.80 மி.லி., சாரம் உண்ட கூட்டத்தில் 0.48 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 0.32, அதாவது 40 சதவிகிதம். முதற் கூட்டம் இல்லையேல் இக்கணக்கே இல்லை. வெறுந்திரவம் குடித்த எலிகளை வீண் செலவென்று எண்ணுவோர், தராசில் ஒரு தட்டை எடுத்துவிட்டு நிறுக்க முயல்பவரே. அளப்பவருக்கு எந்த எலி எந்தக் கூட்டத்ததென்று தெரியாதிருத்தலும் அவசியம்.

வலிக்குச் சோதனை வேறு. 1944-இல் வெளியான முறையை ஒட்டி, 55 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள தட்டின்மேல் விட்ட சுண்டெலி எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது, அல்லது துள்ளுகிறது என்று பார்ப்பர்; கால் வேகாதபடி குறித்த விநாடிக்குள் எடுத்துவிடுவர். இங்கே ஏமாற இடமுண்டு. மயக்கமுற்ற எலியும் நக்கத் தாமதிக்கும். ஆகையால் சுழலும் உருளையின்மேல் அது விழாமல் நிற்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். இவை பிராணிகளுக்குத் துன்பமாதலின், இந்தியாவில் இதற்கென அமைந்த குழுவின் அனுமதியின்றி நடத்தலாகாது.

நொச்சியிலைச் சாரம் எலிகளிடத்தில் வீக்கத்தையும் வலியையும் தணித்ததாக ஆராய்ச்சிகள் வெளிவந்துள்ளன. எனினும் எலியின் பாதம் சில மணி நேரம் வீங்குவது. மனிதரின் மூட்டுவாதமோ வருஷக்கணக்கில் நீடிப்பது. உட்கொள்ளும் அளவும் நஞ்சுத்தன்மையும் மனிதரிடத்தில் தனியே அறியப்பட வேண்டியவை. ஒற்றடத்துக்குத் தடையில்லை. ஆனால் சாரமென்று புட்டியில் விற்க வருபவரிடம், எந்த இலை, எதில் ஊறியது, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்று கேட்டல் நலம். ஒரே வேளையில் வலி பறக்குமென்று விற்ற சில மருந்துகளில் ஸ்டிராய்டு கலந்திருக்கக் கண்டதுண்டு. அது நாளடைவில் ரத்தச் சர்க்கரையை ஏற்றி எலும்பை நலிவிக்கும். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால், ஒற்றடத்தில் நாள் கடத்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும்.