லயமும் சுற்றளவும்

சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் அட்சரகணிதம் பயில்வோர்க்கு லயமே தக்க எடுத்துக்காட்டாகும். காம்பராவின் முகப்பு அ அடி, உட்பக்கம் ஆ அடி எனக் கொள்வோம். சுற்றளவு 2(அ + ஆ). வரிசையாக ஒட்டிய பத்துக் காம்பராக்களுக்கு 20(அ + ஆ) என்பர் மாணவர். அது பிழை. முகப்பே பத்தாகப் பெருகும். ஆகவே 2(10அ + ஆ).

பழைய லயங்களின் அளவாகிய 10, 12 என்பவற்றை இடுவோம். முன்னது 440 அடி, பின்னது 224. வேறுபாடு 18ஆ, அதாவது 216. இடைச்சுவர் ஒன்பதும் சுற்றளவிற் சேரா. அவற்றை இருமுறை எண்ணிவிட்டோம்.

தனிவீடுகளுக்கு 440 அடிச் சுவர் வேண்டும். லயத்துக்கோ இடைச்சுவர் உட்பட 332 போதும். கட்டியோர் மிச்சம்பிடித்தது 9ஆ, 108 அடி. அதன் விலையை, ஒரே சுவரின் இருபுறமும் வாழும் குடும்பங்கள் இன்றும் செலுத்துகின்றன. நம் மாணவர் இக்கோவையை நன்கு கற்பாராக. நாளை தனிவீட்டுக்கு அளவு குறிப்போர் அவரே.