எந்த ஊசியைக் கையில் கொடுப்பது?

முழுப் பரீட்சை முடிந்த மறுவாரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். பாளையம்பட்டியில் மட்டுமில்லை, அருப்புக்கோட்டையிலிருந்தும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருவார்கள். லீவு விட்டாச்சு, பிள்ளை போனையே பார்த்துக்கொண்டு இருக்கிறது, ஏதாவது கைவேலை கற்றுக்கொடுங்கள் என்பார்கள். இந்த வருஷம் முதலில் வந்த அம்மா உட்காருவதற்கு முன்பே கேட்டார்: “மதினி, ஆரி சொல்லித் தருவீங்களா?”

குரோஷா மட்டும்தான் என்றேன். “அது டி.வி.க்கு மேல போடுற துணியில்ல? அத வச்சு என்ன செய்ய?” என்று மகளைக் கையோடு எழுப்பிவிட்டார். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நாங்கள் பேசிய நேரம் முழுவதும் அவள் விரல்கள் துப்பட்டாவின் குஞ்சத்தைப் பிரித்து, மூன்று மூன்று இழையாக எடுத்துப் பின்னி, மறுபடி பிரித்துக்கொண்டே இருந்தன. பார்க்காமலே பின்னுகிற விரல் எல்லாருக்கும் வாய்க்காது. அவள் அம்மாவும் அதைக் கவனிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மாவைக் கடைவீதியில் பார்த்தேன். மகள் ஆரி வகுப்பை நடுவில் விட்டுவிட்டாளாம். வாங்கிய ஸ்டாண்டு பரணில் கிடக்கிறதாம். வருஷம் தவறாமல் இப்படி இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில விஷயங்களைச் சொல்லவே வேண்டியதில்லை. தையல் மெஷின் ஆணோ பெண்ணோ எல்லாரும் பழகவேண்டியது. வாய்ப்பு இருந்தால் இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வயர் கூடையை ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடமே கற்றுக்கொள்ளலாம். அதற்கு ஃபீஸ் கட்டாதீர்கள். கைத்தறி நம் ஊர்த் தொழில். தறி உள்ள வீட்டில் பிறந்த பிள்ளை அதைப் பார்த்தே வளர்கிறது. யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை மற்றவைதான்: குரோஷா, டாட்டிங், மாக்ரமே, துணியில் போடும் எம்ப்ராய்டரி, ஆரி.

ஆரியிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாரும் அதைத்தானே கேட்கிறீர்கள்.

ஆரி மட்டமான கலை என்று நான் சொல்லவில்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சிகள் செருப்புத் தைக்கிற ஊசியின் நுனியில் கொக்கி வைத்து வளர்த்த வேலை அது. துணியைச் சட்டத்தில் முரசு போல இழுத்துக் கட்டவேண்டும். ஒரு கை மேலே ஊசியை இறக்கும், மற்றக் கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீழ்க்கைதான் வேலையில் பாதி. அது பழகவே மாதக்கணக்கு ஆகும். விளம்பரமோ முப்பது நாளில் கல்யாண பிளவுஸ் என்கிறது.

யாரோ ஒரு பெண் ஒரு பிளவுசுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினாள் என்ற பேச்சு ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட்டால் போதும், அந்தத் தெருவின் அத்தனை பெண் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். அந்தத் தொகைக்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. சட்டம், ஸ்டாண்டு, ஊசிகள், ஜரிகை, பாசிமணி, கல் எல்லாம் வாங்கிவைத்த பிறகுதான் முதல் தையலே. படம் வரையத் தெரியவேண்டும், இல்லையென்றால் டிரேசிங்குக்கு இன்னொருவரைத் தேடவேண்டும். பிளவுஸ் வெட்டத் தெரியவேண்டும், இல்லையென்றால் நீங்கள் போட்ட பூ தையல்காரர் கத்தரியில் பாதியாகிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நேரத்தில் பத்து பிளவுஸ் வந்து நிற்கும். ராத்திரி இரண்டு மணி வரை விளக்கடியில் குனிந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை முதுகுவலி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் டவுனில் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வந்துவிட்டது. நுணுக்கம் அறியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விலையில் மெஷின் ஜெயித்துவிடும். வகுப்பில் கற்ற பலர் ஆர்டர் கிடைக்காமல் தாங்களே வகுப்பு எடுக்கத் தொடங்குகிறார்கள். கற்றுக்கொடுப்பதில் வரும் காசு, வேலையில் வருவதைவிட அதிகமாகிவிட்டது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டுத்துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஊசித் துளை துணியிலேயே நிற்கும். தண்ணீர் தெளித்துத் தேய்த்தாலும் வெளிச்சத்தில் தெரியும். துணியோ அடுத்தவருடையது, அதுவும் முகூர்த்தப் பட்டு. தப்பு செய்துதான் கை பழகும் என்று தெரிந்தும், தப்பே செய்யக்கூடாத வேலையில் கொண்டுபோய்ப் பிள்ளையை உட்கார வைக்கிறோம். அந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு வீட்டில், “இவளுக்கு எதிலயும் பொறுமை கிடையாது” என்ற பேர் நிலைத்துவிடுகிறது. அந்தச் சொல்தான் எனக்கு ஆத்திரத்தை வரவழைக்கிறது.

குரோஷாவில் ஒவ்வொரு தையல் முடிந்ததும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் மிஞ்சும். தப்பு வந்துவிட்டதா? கொக்கியை உருவிவிட்டு நூலை இழுங்கள். சரசரவென்று பிரியும், எந்த இடத்தில் தப்பு செய்தோமோ அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நூல் நூலாகவே திரும்பக் கிடைத்துவிடும். ஒரு கொக்கி ஊசியும் ஒரு நூல்கண்டும் தவிர முதலீடு இல்லை. ஐரோப்பாவில் சட்டத்துணியில் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டவர்கள் பிற்பாடு துணியை விட்டுவிட்டு வெறும் காற்றில் பின்னியதுதான் குரோஷா ஆயிற்று என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியென்றால் ஆரியும் குரோஷாவும் தூரத்துச் சொந்தம். குரோஷாவில் கை தேறியவளுக்கு ஆரிக்கொக்கியும் சீக்கிரம் வசப்படும். என்னிடம் பழகிவிட்டு ஆரிக்குப் போன இரண்டு பேர் இன்று நன்றாகச் செய்கிறார்கள்.

குரோஷாவில் முதல் வேலையாக எதைச் செய்வது? மேசைவிரிப்பு வேண்டவே வேண்டாம், பாதியில் நின்றுவிடும். என் தேர்வு புத்தகத்துக்குள் வைக்கும் புக்மார்க். நாமெல்லாம் மயிலிறகு வைத்து, அது குட்டி போடுமா என்று தினமும் திறந்து பார்த்தவர்கள்தானே. அச்சடித்த அட்டை வேண்டுமென்றால் பக்கத்துச் சிவகாசியில் கட்டுக் கட்டாக வாங்கலாம். கையால் பின்னியது வேறு. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முடித்துவிட்டோம் என்ற அந்தச் சந்தோஷம் முதல் வாரத்திலேயே கிடைக்கவேண்டும்.

நூல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் நம் ஊரில் தப்பு நடக்கிறது. “வீட்டுல தறி நூல் கெடக்கே, அதுலயே போடலாமே” என்பார்கள். தறி நூல் பாவுக்கும் ஊடைக்கும் ஆனது. குறைந்த இழை, மெல்லிய முறுக்கு. கொக்கியில் மாட்டினால் இழை பிளந்து பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும். நம் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி குட்டை இழை. மெல்லிய நூலுக்கு அது தோதுப்படாது. குரோஷாவுக்கு நீள இழைப் பஞ்சில், பல புரி சேர்த்து இறுக முறுக்கிய நூல் வேண்டும், அதுவும் மெர்சரைஸ்டு நூல். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1844-இல், காஸ்டிக் சோடாவில் நனைத்தால் பருத்தி நூல் பருத்து வலுவாகிச் சாயத்தையும் நன்றாக ஏற்கிறது என்று கண்டார். நூலை இழுத்துப்பிடித்தபடி அதைச் செய்தால் பட்டு போல மினுக்கமும் வரும் என்று 1890 வாக்கில் ஹோரஸ் லோ கண்டுபிடித்தார். அந்த மினுக்கம் கண்ணிகளைத் தெளிவாகக் காட்டும். புதிதாகப் பழகுபவருக்கு அது பெரிய உதவி.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்பர் விளக்கவேண்டியதில்லை. நூறாம் நம்பர் நூல் அறுபதைவிட மெல்லிசு என்று அவர்களுக்குத் தெரியும். குரோஷா நூலின் கணக்கு வேறு என்றாலும் போக்கு அதேதான்: நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பத்து பழக எளிது, ஆனால் புத்தகத்துக்குள் புடைத்து நிற்கும். நாற்பது அழகு, ஆனால் புதுக்கண்ணுக்குக் கஷ்டம். இருபதாம் நம்பர் நூலும் 1.25 மில்லிமீட்டர் கொக்கியும் வாங்குங்கள்.

பதினெட்டுச் சங்கிலி போடுங்கள். கொக்கியிலிருந்து நான்காவது சங்கிலியில் தொடங்கி வரிசையாக டபுள் குரோஷா போட்டால், ஓரத்தில் விட்ட மூன்று சங்கிலியையும் ஒரு தூணாகச் சேர்த்துப் பதினாறு தூண் வரும். அதை ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சில கட்டத்தை ஜன்னலாக விட்டு, சிலவற்றை அடைத்தால் படம் வரும். ஒரு வரிசையில் நடுக்கட்டம் மட்டும் அடைப்பு, அடுத்ததில் மூன்று, திரும்ப ஒன்று. அவ்வளவுதான், வைரம் வந்துவிட்டது. கணக்கு நோட்டின் கட்டத்தில் முதலிலேயே வரைந்து வைத்துக்கொள்ளலாம். கோலப்புள்ளி வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது புதிதே இல்லை.

எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. வரிசை முடிவில் அந்த ஓரத்துச் சங்கிலியும் ஒரு தூண்தான் என்பதை மறந்துவிடுவார்கள். பதினாறு பதினைந்தாகும், பிறகு பதினான்காகும், பத்தாவது வரிசையில் பார்த்தால் துண்டு வாழைப்பூ போலக் கூம்பியிருக்கும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். வாய்விட்டே எண்ணுங்கள்.

முடித்ததும் லேசான சோற்றுக்கஞ்சியில் நனைத்து, தெர்மாகோல் பலகையில் துருப்பிடிக்காத குண்டூசியால் இழுத்துக் குத்தி நிழலில் வையுங்கள். நம் சித்திரைக் காற்றுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும். கஞ்சி கெட்டியாக வேண்டாம், மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும். அது புக்மார்க்கோடு நிற்காது, புத்தகத்தையும் தின்னும். பாசிமணி கோக்கவேண்டாம், தாளில் பள்ளம் விழும். சிவப்பு, கருநீல நூல்களைப் பின்னுவதற்கு முன்பே நனைத்து, வெள்ளைத்துணியில் ஒற்றிச் சாயம் பாருங்கள். நான் பதிமூன்று வயதில் அதைச் செய்யவில்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் என் சிவப்புப் புக்மார்க் இருந்தது. ஐப்பசி அடைமழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, எட்டுப் பக்கத்துக்கு ரோஜா நிறம் இறங்கிவிட்டது. அப்பா வேறு புத்தகம் வாங்கிக் கொடுத்தார், என்னைத் திட்டவில்லை. அந்தப் பக்கங்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாக்ரமே வெறும் முடிச்சு வேலை, ஊசியே வேண்டாம். கை துறுதுறுவென்று இருக்கும் பையன்களுக்கு நல்லது, ஆனால் புக்மார்க்குக்குக் கயிறு தடிமன். டாட்டிங் சின்ன ஓடம் போன்ற கருவியால் முடிச்சு முடிச்சாகப் போடுவது. குரோஷாவைவிட நேர்த்தியானது, ஆனால் இறுகிய முடிச்சைப் பிரிப்பது பெரும்பாடு, அதனால் இரண்டாம் வருஷம் போதும். துணியில் குறுக்குத் தையல் போட்டும் புக்மார்க் செய்யலாம், ஓரம் மடிக்க மெஷின் தெரிந்தால் நன்று.

தெற்கே இன்னொரு மரபும் உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்தக் கலையும் தேரிக்காட்டுக்கு வந்தது. தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அது வராது. குருவுள்ள ஊரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

குரோஷாவில் காசு வருமா என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்: கொஞ்சம்தான் வரும். ஆந்திராவில் நரசாப்பூரைச் சுற்றி ஆயிரக்கணக்கான பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள், அது வெளிநாடுகளுக்குப் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அவர்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னுகிறவர்களை ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்யும் வீட்டுப் பெண்கள்’ என்று சொல்லியே அற்பக் கூலி கொடுத்ததையும், லாபம் வியாபாரிகளிடம் போனதையும் அதில் காட்டினார். அதனால் என் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: பின்னும்போது மணி பார்த்து எழுதிவை, உன் நேரத்துக்கு விலை போடு, சும்மா இருந்த நேரம் என்று யாரையும் சொல்ல விடாதே.

பெற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. பிள்ளையை எதிலாவது சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம் அதன் கையைப் பாருங்கள். பேசும்போது விரல் என்ன செய்கிறது? நோட்டின் ஓரத்தில் கிறுக்குகிறதா? அது எம்ப்ராய்டரிக்குப் போகலாம். கயிறு கண்டால் முடிச்சுப் போடுகிறதா? எதையாவது அடுக்கி அடுக்கி எண்ணுகிறதா? அப்படி எண்ணுகிற பிள்ளை எனக்கு வேண்டும். பொறுமை என்பது பிறக்கும்போதே கொண்டுவருகிற சாமான் இல்லை, பிடித்த வேலையில் தானாக ஊறுவது. பாவு ஓட்டும் தாத்தாக்களைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, முகம் சுளிக்காமல் அடுத்த இழைக்குப் போனவர்கள் அவர்கள்.

துப்பட்டாக் குஞ்சத்தைப் பின்னிய அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். “தெரியும் அக்கா. அம்மாதான் பஸ் ஏத்திவிட்டாங்க” என்றாள். வெள்ளை நூல் கொடுத்தேன். ஒன்பதாவது வரிசையில் பதினைந்து வந்தது, தானே பிரித்தாள்.

வகுப்பு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. அதற்கு மேல் வெயில் ஏறினால் கை வேர்த்து வெள்ளை நூல் அழுக்காகிவிடும். ஒரு கைத்துண்டும் கணக்கு நோட்டும் கொண்டுவாருங்கள். கொக்கி முதல் வாரத்துக்கு நானே தருகிறேன்.