பொருளைப் படி, கதையை அப்புறம் கேள்

பழைய விமானச் சாமான் சேகரிக்கப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏழு வார்த்தை.

1. விற்பவர் கதை சொல்வார், சொல்லட்டும். "டாடா காலத்துச் சாமான் சார்" என்பார். காதில் போட்டுக்கொள், விலையில் சேர்க்காதே. பொருளில் அச்சிட்டதும் பொறித்ததும்தான் முதல் சாட்சி.

2. கம்பெனிப் பெயரைப் பார். டாடா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆனது. வெளிநாட்டுச் சேவைக்கென ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1948-இல் வந்தது. 1962-இல் 'இன்டர்நேஷனல்' போய்விட்டது. 1953 தேசியமயத்தில் எட்டு கம்பெனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆயின. ஆகவே அவற்றில் ஒன்றான டெக்கான் ஏர்வேஸின் லேபிள் என்றால் அதற்கு முந்தைய அச்சு. ஏர் இந்தியாவின் மகாராஜா பொம்மையே 1946-இல் பிறந்தவர். அவர் படம் போட்ட சாம்பல் கிண்ணத்தை 1935 என்று விற்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போ.

3. முகவரியைப் பார். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ஆறு இலக்க எண் உள்ள கால அட்டவணை 1960-களுடையதாக இருக்க வழியில்லை. எண் இல்லை என்பதற்காகப் பழையது என்றும் முடிவு கட்டாதே; பழைய ஸ்டாக்கைத் தீரும்வரை ஓட்டுவார்கள். 'இதற்கு முன் இல்லை' என்று அடையாளம் சொல்லும். 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்வது அபூர்வம்.

4. விமானப்படை பேட்ஜில் தலைப்பகுதியைக் கவனி. இந்திய விமானப்படைக்கு 1945-இல் 'ராயல்' பட்டம் வந்தது. 1950-இல் குடியரசானதும் போனது. கிரீடம் இருந்தால் அதற்கு முன், அசோகச் சிங்கங்கள் இருந்தால் அதற்குப் பின். நகல்கள் ஏராளம் என்பதால் பின்பக்கத் தையலையும் பார்க்காமல் காசை எடுக்காதே.

5. கருவிகளில் எண்ணைத் தேடு. கிரீடத்தோடு 'ஏ.எம்.' என்றிருந்தால் பிரிட்டனின் விமான அமைச்சகம். 'எஃப்.எல்.' என்று தொடங்கும் எண் ஜெர்மனி, 'ஏ.என்.' அமெரிக்கா. அந்த எண் கருவியின் வகையைத்தான் சொல்லும், எந்த விமானத்தில் பறந்தது என்று சொல்லாது. ஒரே உயரமானி பல ரக விமானங்களில் பொருந்தும். "ஸ்பிட்ஃபயரில் இருந்தது" என்பவரிடம் அந்த விமானத்தின் காகிதத்தைக் கேள்.

இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்து முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் பூசினார்கள். இப்போது ஒளிரவில்லை என்றால் தேய்ந்தது பூச்சிலுள்ள ஒளிரும் பொருள்தான்; ரேடியம் பாதியாகவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காதே, சுரண்டாதே, படுக்கையறையில் வைக்காதே.

6. விமான அஞ்சல் உறைகளில் ஆசை வரும். 1932 அக்டோபர் 15-இல் கராச்சியிலிருந்து அகமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு டாடா அஞ்சல் தொடங்கியது. பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா, அங்கிருந்து விமானி நெவில் வின்சென்ட். அந்த முதல் பயணத்தின் உறை என்று நீட்டினால் லென்ஸை எடு. தபால் முத்திரையின் வளைவு தபால்தலையிலிருந்து உறைக்கு முறியாமல் இறங்குகிறதா? தேதியும் ஊரும் அந்தப் பாதைக்குப் பொருந்துகின்றனவா? பின்பக்கம் சேர்ந்த ஊரின் முத்திரை உண்டா?

7. பித்தளையைப் பாலிஷ் போடாதே. அழுக்கோடு எண்ணும் போகும். நோட்டில் மூன்று பத்தி போடு: பொருள் சொன்னது, விற்றவர் சொன்னது, நான் ஊகித்தது. இவை ஒன்றில் ஒன்று கலக்காதவரை, உன் சேகரிப்பை அடுத்தவரும் நம்பி வாங்கலாம்.